அந்தக் காடு எதுக்கு?

இலங்கை மலையகத்து நம் பள்ளியில், எங்கள் காலத்தில் புவியியல் படிப்பித்த சேர் ஒருநாள் பாடப்புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, பள்ளிக்கு மேலே தெரிந்த காட்டுத் தொங்கலைக் காட்டினார். "அந்தக் காடு எதுக்கு இருக்குன்னு வீட்டில கேட்டுட்டு வாங்க" என்றார். மறுநாள் ஆளுக்கொரு பதில். விறகுக்கு என்றாள் ஒருத்தி. கவ்வாத்தில், அதாவது தேயிலைச் செடியை வெட்டிக் குறுக்கும்போது, கிடைக்கும் மிலாறுக் குச்சிகள் தீர்ந்துபோன மாதங்களில் லயத்து, தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு, அடுப்பு எரிந்தது அந்தக் காட்டை நம்பித்தான். மலைத் தண்ணீர் வந்து விழும் பீலியில் தண்ணீர் வற்றாமல் வருவதற்கு என்றான் இன்னொருவன். கணக்கப்பிள்ளை வீட்டுப் பையன், "சும்மா கிடக்கிற நிலம், தேயிலை போட்டா நல்லா வரும்" என்று அப்பா சொன்னதை அப்படியே ஒப்பித்தான். நான் என் அம்மாயி சொன்னதைச் சொன்னேன்: அங்கே முனி இருக்கிறது, கேட்காமல் ஒரு கொப்பைக்கூட ஒடிக்கக்கூடாது. சேர் எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதினார். எதையும் பிழை என்று அழிக்கவில்லை.

அந்தப் பதில்கள் அத்தனையும் சரி என்று இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் நம் மலைகளைப் பற்றி முடிவெடுத்தவர்களின் காதுக்கு அவற்றில் ஒன்றிரண்டுதான் எட்டின.

கோப்பிக்காக மலைமலையாகக் காட்டை வெட்டிக்கொண்டு போன காலத்தில், 1873 இல், இலண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர் எச்சரித்தார். அதன் பிறகுதான் 5000 அடிக்கு மேலே முடிக்குரிய, அதாவது அரசுக்குச் சொந்தமான, காடுகளை விற்பதைக் காலனி அரசு நிறுத்தியது. மழையும் ஆறும் கெட்டுவிடும் என்ற பயம். நல்ல பயம்தான், அதனால்தான் உச்சிகளில் இன்னும் பச்சை இருக்கிறது. 2010 இல் சிவனொளிபாதமலைக் காடு, ஹோர்ட்டன் சமவெளி, நக்கிள்ஸ் மூன்றையும் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்றபோது காரணம் வேறு: உலகில் வேறெங்கும் இல்லாத செடிகொடிகளும் உயிரினங்களும் அங்கே வாழ்கின்றன. இதுவும் பெருமைதான். விறகும் முனியும் மட்டும் எந்தப் பத்திரத்திலும் ஏறவில்லை.

தலவாக்கலைப் பக்கத்து சென்கிளயர் நீர்வீழ்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். மேல் கொத்மலை நீர்மின் திட்டம் 2012 இல் இயங்கத் தொடங்கியது, 150 மெகாவாட் மின்சாரம். ஆற்றைச் சுரங்கத்துக்குள் திருப்பியாயிற்று. பார்க்க வருகிறவர்களுக்காகப் பகலில் குறிப்பிட்ட நேரம் அருவியில் நீர் விடவேண்டும் என்று பேசி முடித்தார்கள். மின்சாரத்துக்கு ஒரு விலை, காட்சிக்கு ஒரு விலை. இராத்திரியில் அந்த அருவிச் சத்தத்தோடு உறங்கிப் பழகிய லயத்துச் சனங்களுக்கு அது என்னவாக இருந்தது என்பதை எந்தக் கணக்கில் எழுதுவது?

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. இயற்கையின் மதிப்பீடு பற்றி ஐபிபிஈஎஸ் என்ற பன்னாட்டு அமைப்பு 2022 இல் வெளியிட்ட அறிக்கை, சந்தை விலையோடு ஒட்டிய மதிப்புகளே முடிவுகளில் முந்திக்கொள்கின்றன என்கிறது. அவர்கள் அலசிய 1000க்கு மேற்பட்ட ஆய்வுகளில் 2 சதவீதம்தான் கண்டுபிடித்ததைச் சம்பந்தப்பட்ட மக்களிடமே காட்டிக் கலந்து பேசியிருக்கிறதாம். இயற்கையிலிருந்து வாழ்வது, இயற்கைக்குள் வாழ்வது, இயற்கையோடு வாழ்வது, இயற்கையாகவே வாழ்வது என்று நான்கு விதமாக அதில் பிரிக்கிறார்கள். படித்தபோது என் அப்பா நினைவுக்கு வந்தார். கவ்வாத்து தொடங்கும் நாளில் கத்திகளைக் கல்லின் முன்னால் வைத்துக் கவ்வாத்துச் சாமியைக் கும்பிட்ட பிறகுதான் தேயிலையில் வெட்டு விழும். சம்பளம் தருகிற செடிதான், ஆனாலும் முதலில் கும்பிடு. இந்த நான்கில் எந்தப் பெட்டியில் அவரைப் போடுவது?

2020 மே மாதம் சிவனொளிபாதமலை அடிவாரத்து நல்லதண்ணியில் கருஞ்சிறுத்தை ஒன்று சுருக்கில் சிக்கியது. சிகிச்சைக்காக உடவளவைக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை. அப்போது நம்மில் பலர் படத்தைப் பகிர்ந்து தோட்டத்துச் சனங்களைத் திட்டித் தீர்த்தார்கள். எனக்கும் நெஞ்சு அடைத்தது, சுருக்கு வைப்பதை நான் எந்த வகையிலும் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் நாலு மரக்கறிப் பாத்தியைப் பன்றியிடமிருந்து காப்பாற்ற வழியில்லாதவர்கள் அவர்கள். சிறுத்தை நடமாடும் மலைக்குத்தான் விடிந்ததும் கொழுந்துக்கூடையோடு போகிறார்கள். இராத்திரியில் அதன் பேரைச் சொல்லாதே என்று அதட்டி வளர்த்த வீடுகள் அவை. அந்தப் பயத்துக்குள் மரியாதையும் இருக்கிறது. அவர்களை எதிரியாக்கிவிட்டு அங்கே ஒரு சிறுத்தையையும் காப்பாற்ற முடியாது.

அப்புறம், நம் பழைய மாணவர் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். பள்ளிக்கு மேலே மரம் நட இந்த வருடம் பணம் அனுப்பும் யோசனை இருக்கிறது. மனமார வரவேற்கிறேன். பைனஸ் என்கிற பைன் மரம் மட்டும் வேண்டாம். அதன் ஊசியிலை மெத்தையில் வேறொன்றும் எளிதில் முளைக்காது, வெயில் காலத்தில் தீயும் சட்டென்று பிடிக்கும். அந்த உயரத்துக்கே உரிய மரங்களைத் தேர்ந்தெடுக்க வனத்துறையைக் கேளுங்கள். அதற்கும் முன்னால் விறகு பொறுக்கும் பெண்களையும், பீலியைத் துப்புரவாக்குகிறவர்களையும், முனிக்குப் பூசை வைக்கும் பெரியவரையும் கேளுங்கள். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வைத்தால் நல்லது, மற்ற நாளில் அவர்கள் மலையில் இருப்பார்கள்.