எஃப்5-க்கு முன்னால் ஒரு டிக்கெட்

மைக்ரோசாஃப்டின் அலுவலக அரட்டைச் செயலியான டீம்ஸுக்கு ஒரு சின்ன பாட் (செய்திக்குத் தானே பதில் சொல்லும் நிரல்) எழுதினேன். ஊழியர் விடுப்பு கேட்டால் அதை ஒரு கார்டாக மேலாளருக்கு அனுப்பும். அவர் பொத்தானை அழுத்தினால் வேலை முடிந்தது. விஎஸ் கோடு எடிட்டரில் டீம்ஸ் ஆப் கட்ட உதவும் டூல்கிட்டைப் போட்டு, டெம்ப்ளேட் எடுத்து, கோடு எழுதி முடித்ததில் சொல்ல ஒன்றுமில்லை. (டீம்ஸ் டூல்கிட் என்று பழகியவர்கள் கவனிக்க: 2025-இல் அதன் பெயர் மைக்ரோசாஃப்ட் 365 ஏஜென்ட்ஸ் டூல்கிட் என்று மாறிவிட்டது. பழைய வழிகாட்டிகளில் உள்ள படங்கள் அப்படியே பொருந்தாது.) ஓட விட்டுப் பார்ப்பதற்குள்தான் போதும் போதும் என்றாகிவிட்டது.

நிரலை ஓட விடும் எஃப்5 விசையைத் தட்டியதும் டூல்கிட் முதலில் ஒரு சோதனை நடத்தும். நோட்.ஜேஎஸ் (ஜாவாஸ்கிரிப்ட் கோடை ஓட்டும் மென்பொருள்) பதிப்பு சரியா, பாட் செய்தி வாங்கும் 3978-ஆம் போர்ட் காலியா, கணக்கில் நுழைந்திருக்கிறோமா, அந்தக் கணக்குக்குச் சொந்த ஆப்பை ஏற்றும் அனுமதி உண்டா என்றெல்லாம் பார்க்கும். எனக்கு மற்றதெல்லாம் பச்சை, அனுமதி மட்டும் சிவப்பு. அது நம் கையில் இல்லை. நிறுவனத்தின் டீம்ஸ் நிர்வாகி தர வேண்டும்.

உதவி மையத்துக்கு டிக்கெட் (கோரிக்கை) போட்டேன். "ஆப் நிறுவ உங்களுக்கு ஏற்கெனவே அனுமதி இருக்கிறதே" என்று ஒரு வரி எழுதி, ஒரு வார்த்தை கேட்காமல் டிக்கெட்டை மூடிவிட்டார் உதவி மையத்துக்காரர். ஸ்டோரில் கிடைக்கும் ஆப்பை நிறுவுவது வேறு, நாமே கட்டிய ஜிப் ஃபைலை ஏற்றுவது வேறு. இதை விளக்கி மறுபடி திறந்தேன். இந்த முறை "செய்தாயிற்று" என்று வந்தது. டூல்கிட்டில் சிவப்பு அப்படியே இருந்தது. அவர் நிறுவனம் முழுமைக்கும் பொதுவான அமைப்பை மட்டும் மாற்றியிருக்கிறார். பயனருக்கான பாலிசியை (யார் யாருக்கு என்ன அனுமதி என்ற விதிகளை) தொடவே இல்லை. இரண்டும் திறந்திருந்தால்தான் வழி கிடைக்கும்.

கடைசியில் பலித்த வாசகம் இது, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்: "டீம்ஸ் அட்மின் சென்டரில் செட்டப் பாலிசீஸ் பக்கத்துக்குப் போய், என் கணக்குக்குப் பொருந்தும் பாலிசியில் 'அப்லோடு கஸ்டம் ஆப்ஸ்' என்பதை ஆன் செய்யவும். கஸ்டம் ஆப்களுக்கான பொது அமைப்பும் ஆனில் இருக்க வேண்டும்." எந்தப் பக்கம், எந்தப் பொத்தான் என்று எழுதினால்தான் வேலை நடக்கிறது. மாற்றியதும் உடனே பச்சை வராது. 24 மணி நேரம் வரை ஆகலாம். அதற்குள் இன்னொரு டிக்கெட் போட்டு அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதீர்கள். டூல்கிட்டில் கணக்கிலிருந்து வெளியேறி மறுபடி நுழைந்து பார்த்தால் போதும்.

காத்திருந்த நேரம் வீணாகவில்லை என்றால் அதற்கு டூல்கிட்டோடு வரும் டெஸ்ட் டூல்தான் காரணம். இப்போது அதற்கு ஏஜென்ட்ஸ் பிளேகிரவுண்ட் என்று பெயர். டீபக் (பிழை தேடும்) பட்டியலில் அதைத் தேர்ந்தெடுத்து எஃப்5 தட்டினால், பிரவுசரில் டீம்ஸ் மாதிரியே ஒரு அரட்டைப் பெட்டி திறக்கும். கணக்கு வேண்டாம், அனுமதி வேண்டாம், டன்னல் (இணையத்திலிருந்து நம் கணினிக்குப் போடும் தற்காலிக வழி) வேண்டாம். பாட்டின் முக்கால்வாசிப் பிழைகளை அங்கேயே பிடித்துவிட்டேன். ஆனால் அது மேனிஃபெஸ்ட்டை (ஆப்பின் விவர ஃபைலை) படிக்காது, சிங்கிள் சைன் ஆனும் (டீம்ஸ் கணக்காலேயே ஆப்புக்குள் நுழைவதும்) அதில் ஓடாது. அங்கே சரியாக ஓடுகிறது என்பதால் டீம்ஸிலும் ஓடும் என்று யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். கார்டின் தோற்றத்தை மட்டும் பார்க்க அடாப்டிவ் கார்ட் பிரிவ்யூவர் என்ற எக்ஸ்டென்ஷன் இருக்கிறது. கார்டை விவரிக்கும் ஜேசன் ஃபைலைத் திருத்தத் திருத்த பக்கத்திலேயே கார்டு தெரியும்.

அனுமதி வந்தது. எஃப்5 தட்டினேன், டீம்ஸ் திறந்தது, பாட்டைச் சேர்த்தேன், 'ஹாய்' என்று அனுப்பினேன். பதில் இல்லை. பிழைச் செய்தியும் இல்லை. பாட்டின் நடப்பைக் காட்டும் டெர்மினலில் ஒரு வரிகூட ஓடவில்லை. எனக்குப் பிழைச் செய்தியைவிட இந்த மௌனம்தான் எரிச்சல்.

டெர்மினல் அசையவில்லை என்றால் செய்தி நம் கணினி வரைக்கும் வரவே இல்லை என்று அர்த்தம். கோடில் தேடிப் பயனில்லை. டீம்ஸ் பாட்டுக்கு வரும் செய்தி இணையத்திலிருந்து டெவ் டன்னல் வழியாகத்தான் நம் 3978-க்கு வருகிறது. டன்னல் முகவரி ப்ராஜெக்ட்டின் என்வ் லோக்கல் என்ற அமைப்பு ஃபைலில் பாட் எண்ட்பாயின்ட் என்ற வரியில் இருக்கும். அதை, எந்தக் கணக்கிலும் நுழையாத இன்காக்னிட்டோ ஜன்னலில் திறந்தேன். லாகின் கேட்டது. அவ்வளவுதான், பிடிபட்டது. நம்மிடம் லாகின் கேட்கும் முகவரி, செய்தி கொண்டுவரும் பாட் சர்வீஸையும் வாசலிலேயே நிறுத்திவிடும். (வெறும் எச்சரிக்கைப் பக்கம் வந்தால் பயப்பட வேண்டாம், அது பிரவுசருக்கு மட்டும் வருவது.)

எஃப்5 தட்டியதும் நடக்கும் வேலைகளைப் பட்டியலிடும் டாஸ்க்ஸ் ஜேசன் ஃபைலைத் திறந்தால், டன்னல் பகுதியில் 'அக்சஸ்' என்பது 'பிரைவேட்' என்றிருந்தது. டூல்கிட் டெம்ப்ளேட்டில் அது 'பப்ளிக்'. எங்கள் அலுவலகத்தில் கைமாறிக்கொண்டிருக்கும் மாதிரி ப்ராஜெக்ட்டில் யாரோ பாதுகாப்பு என்று நினைத்து மாற்றிவைத்த புண்ணியம். பப்ளிக் என்றால் ஊரே உள்ளே வந்துவிடும் என்று அஞ்ச வேண்டாம்; சரியான டோக்கன் (அடையாளச் சீட்டு) இல்லாத கோரிக்கையை, பாட்டுக்கு வரும் செய்திகளை வாங்கும் அடாப்டர் திருப்பி அனுப்பிவிடும். வேலை முடிந்ததும் டன்னலை மூடிவிடுங்கள், அது போதும். மாற்றி எஃப்5 தட்டியதும் பதில் வந்தது. நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன்.

அப்புறம் பிரேக்பாயின்ட், அதாவது கோடை நடுவழியில் நிறுத்திப் பார்க்கும் இடம். மேலாளர் 'அனுமதி' அழுத்தும் இடத்தில் ஒன்றை வைத்து, மாறிகளை நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் டீம்ஸ் பொறுமையிழந்து, ஏதோ தவறாகிவிட்டது, மறுபடி முயலுங்கள் என்றது. சாதாரணச் செய்திக்கே 15 விநாடிக்குள் பாட் பதில் சொல்லியாக வேண்டும், நாம் யோசித்துக்கொண்டிருப்பது அதற்குத் தெரியாது. வேடிக்கை என்னவென்றால், 'கன்டின்யூ' கொடுத்ததும் கோடு தன் பாட்டுக்கு ஓடி விடுப்பைப் பதிந்துவிட்டது. டீம்ஸ் சொன்னதைக் கேட்டு மறுபடி அழுத்தியிருந்தால் ஒரே விடுப்பு இரண்டு தடவை பதிவாகியிருக்கும். ஆகவே பொத்தான் சம்பந்தப்பட்ட இடங்களில் இப்போது லாக்பாயின்ட்தான் வைக்கிறேன்: வரி எண்ணுக்கு இடப்பக்கம் ரைட் கிளிக், 'ஆட் லாக்பாயின்ட்', மாறியின் பெயரை நெளிவு அடைப்புக்குள் எழுத வேண்டும். கோடு நிற்காது, மதிப்பு டீபக் கன்சோலில் விழும். இரட்டைப் பதிவைத் தடுக்கும் சோதனையையும் அன்றே கோடில் சேர்த்துவிட்டேன். நிஜ மேலாளர்களும் பொத்தானை இரண்டு தடவை அழுத்துவார்கள்.