ஒரு மெழுகுக் கட்டிக்காக மூன்று முறை திருச்சி

அக்காவுக்குத் தஞ்சாவூரில் மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. படுத்தி எடுத்தது அதன் பிறகு வந்த ரிப்போர்ட்தான். ஹெர்-2: 2+. ஹெர்-2 என்ற புரதம் புற்றுநோய்ச் செல்லில் அளவுக்கு மீறி இருக்கிறதா என்பதற்கான மதிப்பெண் அது. சுழியம், 1+ என்றால் இல்லை. 3+ என்றால் உண்டு. 2+ என்றால் சொல்ல முடியாது. "ஃபிஷ் டெஸ்ட் பார்த்தால்தான் மருந்தை முடிவு செய்ய முடியும். பிளாக்கை வாங்கித் திருச்சி லேபில் கொடுங்கள்" என்றார் டாக்டர். "மீனுக்கும் இதற்கும் என்னடா சம்பந்தம்?" என்றாள் அக்கா. மீன் இல்லை, செல்லுக்குள் ஹெர்-2 ஜீன் பெருகியிருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கும் சோதனை.

மருத்துவமனைக் கவுண்டரில் ஒரு சின்ன அட்டைப் பெட்டியை நீட்டினார்கள். திறந்துகூடப் பார்க்காமல் பஸ் ஏறினேன். என் தப்புதான். லேபில் இருந்த பெண் திறந்தார்: ஊதாச் சாயம் ஏறிய இரண்டு கண்ணாடித் துண்டுகள். "இது ஸ்லைடு சார். எங்களுக்குப் பிளாக் வேண்டும்." சின்ன பிளாஸ்டிக் சட்டத்தில், மெழுகுக்குள் சதைத் துணுக்கை உறைய வைத்திருப்பதுதான் பிளாக். அதிலிருந்து புதிதாகச் சீவி எடுத்தால்தான் டெஸ்ட்.

மறுபடி கவுண்டர். "பிளாக்கெல்லாம் வெளியே தருவதில்லை." டாக்டர் கடிதத்தைக் காட்டினேன். "நோயாளி கையெழுத்து வேண்டும், நேரில்." தையல்கூடப் பிரிக்காதவளை ஆட்டோவில் கூட்டிவந்து கையெழுத்துப் போடவைத்தேன். அப்படி வாங்கிய பிளாக்கைக் கொடுத்த மறுநாள் லேபிலிருந்து போன்: "இதில் கட்டியே இல்லை சார், வெறும் கொழுப்பு." ஒரே அறுவை சிகிச்சையில் பத்துப் பன்னிரண்டு பிளாக் போடுவார்கள். அந்தப் புண்ணியவான் முதலில் கையில் அகப்பட்டதை எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

மூன்றாம் முறை கவுண்டர் பக்கமே போகவில்லை. மாடியேறி, ரிப்போர்ட்டில் கையெழுத்திட்டிருந்த பேத்தாலஜி டாக்டரையே பார்த்தேன். ஐந்தே நிமிடம். மைக்ராஸ்கோப்பில் பார்த்து, 7-ஆம் பிளாக்கில்தான் கட்டி நிறைய இருக்கிறது என்று கைப்பட எழுதித் தந்தார். சதை கெடாமலிருக்க ஊறவைக்கும் ஃபார்மலினில் அது எத்தனை மணி நேரம் ஊறியது என்பதையும் சேர்த்து எழுதச் சொன்னேன். 6 முதல் 72 மணிக்குள் இருக்க வேண்டும், லேபில் கேட்பார்கள். நீங்கள் போனால் முதல் முறையே இந்தச் சீட்டை வாங்கிவிடுங்கள். பிளாக்கை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வைக்காதீர்கள், மெழுகு இளகிவிடும்.

முடிவு பாசிட்டிவ். ஹெர்-2 ஜீன், அது உட்கார்ந்திருக்கும் குரோமோசோமைப் போல எத்தனை மடங்கு என்பதுதான் ஜீன் விகிதம். அது 2-ஐத் தொட்டாலே பாசிட்டிவ் கணக்கு, அக்காவுக்கு 4.1. இரண்டு பிரதி இருக்கவேண்டிய ஜீன் பெருகிக் கிடக்கிறது. அது உண்டாக்கும் புரதம் செல்லின் மேல் அப்பிக்கொண்டு, 'பெருகு, பெருகு' என்று ஓயாமல் விரட்டுகிறது. வேகமாகப் பரவும் வகை. ஆனால் அந்தப் புரதத்தையே குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் என்ற ஊசி மருந்து 1998-இலேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றுவிட்டது. நெகட்டிவ் என்றால் அக்காவுக்கு அந்த ஊசி கிடைத்திருக்காது. கெட்ட ஜீன் என்று கேட்டு நிம்மதிப் பெருமூச்சு விட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஓராண்டு ஊசி. முதலாவது போன புதன்கிழமை போட்டாயிற்று.

நேற்றுக் கவுண்டரிலிருந்து போன். "சார், அந்தப் பிளாக்கை இன்னும் திருப்பித் தரவில்லையே?"