ஐந்தில் ஒரு பங்கு

பர்மாவின் யாங்கோனில் (பழைய ரங்கூன்) தமிழ்க் கிறிஸ்தவ சபைகளின் ஞாயிறு பள்ளிக்கு வரும் பிள்ளைகள் வாரத்தின் மற்ற நாட்களில் பர்மிய மொழிக்குள்தான் இருக்கிறார்கள். பள்ளிக்கூடம், தேநீர்க்கடை, தெரு விளையாட்டு எல்லாம் அதில்தான். தமிழ், ஆயாவின் பேச்சிலும் ஆலயத்திலும் மிஞ்சியிருக்கிறது. அதனால் வகுப்பில் “பாவம்” என்று சொன்னால் அவர்கள் காதில் என்ன விழுகிறது என்பதை ஆசிரியர் கவனிக்க வேண்டும். வீட்டில் அந்தச் சொல் “ஐயோ பாவம், விட்டுடு” என்று இரக்கப்படத்தான் வருகிறது. பர்மிய வேதாகமத்தில் பாவத்துக்கு உள்ள சொல் “அப்யிட்”. குற்றத்துக்கும் அதே சொல். “அப்யிட் பே” என்றால் தண்டனை கொடுப்பது. ஒரு மொழியில் பிள்ளையின் காதில் மன்னிப்பு விழுகிறது, மற்ற மொழியில் அடி விழுகிறது. செய்தது தவறு என்ற உண்மை இரண்டுக்கும் நடுவில் நழுவிப்போகிறது.

அன்பு என்ற சொல்லில் இந்தச் சிக்கல் இல்லை. 1813-இல் ரங்கூனில் வந்திறங்கிய அமெரிக்க மிஷனரி அடோனிராம் ஜட்சன் 1834-இல் பர்மிய வேதாகமத்தை மொழிபெயர்த்து முடித்தார். அதில் “தேவன் அன்பாகவே இருக்கிறார்” என்ற இடத்தில் நிற்கும் சொல்லுக்குள் “மித்தா”, அதாவது பௌத்தர்கள் எல்லா உயிர்களிடமும் காட்டச் சொல்லும் அன்பு, இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளை பௌத்த மடத்தில் கேட்கும் மித்தாவும் அதுதான். அந்தப் பிள்ளை ஒப்புவிக்கும் பஞ்சசீலத்தில், பௌத்தரின் ஐந்து ஒழுக்கங்களில், கொல்லாமை, களவாடாமை, பொய் சொல்லாமை எல்லாம் உண்டு. “அவர்களுக்கு ஒன்றும் தெரியாது” என்று சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர், தானே பொய் சொல்கிறார்.

வித்தியாசத்தைக் காட்ட வேண்டிய இடம் வேறு. சீலம், ஒருவர் தானாக மேற்கொள்ளும் பயிற்சி. வேதாகமத்தின் கற்பனையோ, அதாவது கட்டளையோ, ஏற்கெனவே மீட்டவர் மீட்கப்பட்டவரிடம் சொல்வது. யாத்திராகமம் 20-ஐ மனப்பாடம் செய்யக் கொடுக்கும்போது பெரும்பாலும் 3-ஆம் வசனத்தில் தொடங்குகிறார்கள். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து உன்னைப் புறப்படப்பண்ணினேன் என்று சொல்லும் 2-ஆம் வசனம் விடுபட்டுப்போகிறது. அதை விட்டால் பத்துக் கற்பனைகளும் பள்ளிக்கூட விதிகளைப் போலாகிவிடும்.

ஒரு பிள்ளை கடையில் 500 கியாட் (பர்மியப் பணம்) எடுத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதலில் தனியே அழைக்க வேண்டும். மற்ற பிள்ளைகள் பார்க்க விசாரித்தால் பிள்ளை உண்மையை விட்டு மானத்தைக் காப்பாற்றும். “ஏன் எடுத்தே?” என்று தொடங்கக் கூடாது, அது சாக்கைத்தான் வரவழைக்கும். “என்ன நடந்துச்சு, சொல்லு” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். சொன்ன பிறகு செயலுக்குப் பெயர் வைக்க வேண்டும்: இது திருட்டு. “நீ திருடன்” என்று சொல்லக் கூடாது. “சாமி கண்ணைக் குத்தும்” என்ற பழைய மிரட்டலும் வேண்டாம். கண் குத்தப்படவில்லை என்பதைப் பிள்ளை மறுநாளே கண்டுபிடித்துவிடும்.

அடுத்த படியில்தான் நல்ல ஆசிரியர்களும் தவறுகிறார்கள். பிள்ளை அழுததும் மனம் இளகி, கைகூப்பச் சொல்லி, “இயேசப்பா, மன்னிச்சிருங்க” என்று ஜெபித்து அனுப்பிவிடுகிறார்கள். கடைக்காரரின் 500 கியாட் அவருக்கு வரவே இல்லை. லேவியராகமம் 6 சொல்வது வேறு: எடுத்ததை முழுதாகக் கொடு, ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடு, குற்றநிவாரண பலி அதோடு வரட்டும். 500-க்கு 100 சேர்த்து 600. பலிபீடத்தண்டை வந்தவனும் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகட்டும் என்று மத்தேயு 5-இல் இயேசு சொல்கிறார். அந்த 100-ஐ அப்பா கொடுத்துவிட்டால் பாடம் போச்சு. பிள்ளையின் சேமிப்பிலிருந்தோ, வாரச் செலவுக் காசிலிருந்தோ வர வேண்டும், இரண்டு வாரம் ஆனாலும் சரி. கடைவாசல் வரை பெரியவர் ஒருவர் கூடப் போகலாம். பேச வேண்டியது பிள்ளைதான்.

இது கடுமை என்று சிலர் சொல்வார்கள். ஜனங்களிடம் அநியாயமாக வாங்கிய வரி வசூலிப்பவன் சகேயுவைப் பார்க்கட்டும். லூக்கா 19-இல் இயேசு கணக்குக் கேட்கவில்லை. இன்றைக்கு உன் வீட்டில் தங்க வேண்டும் என்று முதலில் சொன்னார். நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காக, திருப்பித் தருகிறேன் என்று சகேயு சொன்னது அதன் பிறகு. தன்னை நேசிக்கிறவர் பக்கத்தில் இருக்கும்போதுதான் ஒருவனால் தன் திருட்டின் தொகையை வாய்விட்டுச் சொல்ல முடிகிறது. வகுப்பில் நிலைக்க வேண்டிய வரிசை இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆறு வயதுக்காரரிடம் இதை அப்படியே எதிர்பார்க்க முடியாது. சுவிஸ் உளவியலாளர் ழான் பியாஜே 1932-இல் எழுதிய சோதனையில், கதவைத் திறக்கும்போது தெரியாமல் 15 கோப்பைகளை உடைத்த பையனும், ஜாம் திருடப்போய் ஒன்றை உடைத்த பையனும் வருகிறார்கள். சின்னப் பிள்ளைகள் 15 உடைத்தவனைத்தான் கெட்டவன் என்றார்கள். அந்த வயதில் கண்ணுக்குத் தெரிவது சேதம் மட்டும். நோக்கத்தைப் பேச, பொம்மைக் கோப்பைகளை வைத்து நடித்துக் காட்டி, “இவன் மனசுல என்ன இருந்துச்சு?” என்று கேட்கலாம். ஒன்பது, பத்து வயதில் பேச்சே போதும்.

எடுத்த பணத்துக்குச் சொந்தக்காரர் ஊரை விட்டே போய்விட்டார் என்றால்? எண்ணாகமம் 5-இல் அதற்கும் வழி இருக்கிறது: வாங்கிக்கொள்ள உறவினரும் இல்லாவிட்டால் அது கர்த்தருக்கு, ஆசாரியன் கையில். அப்போது அந்த 600-ஐக் காணிக்கைப் பையில் போடலாம். கடைக்காரர் அடுத்த தெருவுக்குத்தான் மாறியிருக்கிறார் என்றால், ஆராதனை முடிந்ததும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அங்கே நடக்க வேண்டும்.