செத்தவங்கள எண்ணியாச்சு, இருக்கறவங்க எத்தன பேரு?

வயித்துப்போக்கு கேஸ் குறைஞ்சிட்டு வருதுன்னு ஒரு தடவ நான் ரிப்போர்ட் அனுப்பிட்டேன். வெள்ளத்துக்கு அப்புறம் போட்ட ஒரு முகாம், அங்க கிளினிக் ரெஜிஸ்டர பாத்து வாரா வாரம் எண்ணிக்கை எடுத்து கிராஃப் போடறதுதான் என் வேலை. மொத வாரம் 90 கேஸ், மூணாவது வாரம் 60. கோடு அழகா கீழ இறங்குச்சு, எல்லாருக்கும் சந்தோஷம், தண்ணில குளோரின் போடற டீம்ல பாதி பேர வேற இடத்துக்கு அனுப்பலாம்னு பேச்சு வந்துருச்சு. கிளினிக்ல இருந்த நர்ஸ் அக்காதான் கேட்டாங்க, "தம்பி, நீங்க கடைசியா எப்ப முகாம சுத்தி வந்தீங்க? பின்பக்க வரிசை எல்லாம் காலியா கெடக்கே." போய் பாத்தா நெசம்தான். 12,000 பேர் இருந்த இடத்துல கிட்டத்தட்ட 6,000 பேர்தான் இருக்காங்க, தண்ணி வடிஞ்சதும் பாதி பேர் கெளம்பி போயிருக்காங்க. அப்ப கணக்கு என்ன ஆச்சு? ஆயிரத்துக்கு ஏழரைல இருந்து ஆயிரத்துக்கு பத்து. நோய் குறையல, ஏறியிருக்கு. நான் ஆள் குறைஞ்சத நோய் குறைஞ்சதா படிச்சிருக்கேன்.

அன்னிலேருந்து எனக்கு பேரிடர் மருத்துவ ஆராய்ச்சின்னாலே மொதல்ல ஞாபகம் வர்றது பின்னத்துல கோட்டுக்குக் கீழ இருக்குற எண்தான். ஸ்கூல்ல பகுதின்னு சொல்லிக்குடுத்தாங்களே, அது. மேல இருக்கறது கண்ணுக்கு தெரியும், எத்தன பேருக்கு காய்ச்சல், எத்தன பேர் இறந்தாங்கன்னு ரெஜிஸ்டர்ல இருக்கும். கீழ இருக்கறது தெரியாது, பேரிடர்ல மொதல்ல காணாமப் போறதே அதுதான், ஏன்னா மக்கள் ஓடறாங்க, பிரியறாங்க, திரும்பி வர்றாங்க, சில பேர் ரேஷன் கெடைக்காமப் போயிருமோங்கிற பயத்துல ரெண்டு லிஸ்ட்ல பேர் குடுக்கறாங்க, சில பேர் பேரே குடுக்கறதில்ல.

இது எவ்வளவு பெரிய விஷயம்னு ஒரு சின்ன கணக்கு போட்டா புரியும். இந்தத் துறைல எல்லாரும் பாக்கற ஒரு எல்லைக்கோடு இருக்கு, ஒரு நாளைக்கு பத்தாயிரம் பேருக்கு ஒரு சாவு. அத தாண்டுனா அவசரநிலை. அஞ்சு வயசுக்குக் கீழ உள்ள குழந்தைங்களுக்கு அது பத்தாயிரத்துக்கு ரெண்டு. இப்ப ஒரு முகாம்ல தினம் மூணு பேர் இறக்கறாங்கன்னு வைங்க. உள்ள 20,000 பேர் இருந்தா வீதம் 1.5, அபாய மணி அடிக்கணும். லிஸ்ட்ல 40,000 பேர்னு இருந்தா 0.75, பரவால்லன்னு ஃபைல மூடிருவாங்க. அதே மூணு சாவு தான்.

1994 ஜூலைல ருவாண்டாலேருந்து தப்பிச்சு அப்போ ஸயர்னு இருந்த நாட்டோட (இப்ப காங்கோ) கோமாங்கிற ஊருக்கு லட்சக்கணக்குல அகதிகள் போனாங்க. காலராவும் ரத்தபேதியும் சேர்ந்து அடிச்சு மொத ஒரு மாசத்துல மட்டும் கிட்டத்தட்ட 50,000 பேர் இறந்துட்டாங்க. ரோட்டோரம் கெடந்த உடல்கள லாரில எடுத்துட்டுப் போனவங்க எண்ணி வெச்ச கணக்குதான் இதுக்கு அடிப்படை. அப்ப வெளியான ஆய்வுல இறப்பு வீதம் பத்தாயிரத்துக்கு ஒரு நாளைக்கு 20லேருந்து 35ன்னு போட்டிருப்பாங்க. ஏன் இவ்ளோ அகலமான இடைவெளி? மேல உள்ள எண் ஓரளவு உறுதிதான். கீழ உள்ளதுதான் அஞ்சு லட்சமா எட்டு லட்சமான்னு யாருக்கும் தெரியல. நீங்களே வகுத்துப் பாருங்க, ரெண்டு முனையும் ஏறக்குறைய அங்கதான் வந்து நிக்கும். இந்த இடத்துல நான் அந்த ஆராய்ச்சியாளர்கள ரொம்ப மதிக்கிறேன், ஒரே எண்ண குடுத்து தெரிஞ்ச மாதிரி காட்டிக்காம இடைவெளிய அப்படியே வெச்சாங்க.

சரி, ஆள் எண்ணறது எப்படி? கூடாரங்கள எண்ணி, சில கூடாரத்துக்குள்ள போய் எத்தன பேர்னு கேட்டு சராசரி எடுத்து பெருக்கறது ஒரு வழி. முகாம் எல்லைய நடந்து அளந்து பரப்பு கண்டுபிடிச்சு, நடுவுல அங்கங்க சதுரம் போட்டு சதுரத்துக்கு எத்தன பேர்னு எண்ணறது இன்னொரு வழி. இப்பல்லாம் சாட்டிலைட் படத்துல கூரைகள எண்ணறாங்க, ஆனா கூரைக்கு அடில ஆள் இருக்காங்களான்னு வானத்துலேருந்து தெரியாது (என் முகாம்ல காலியா நின்ன வரிசைகள்லயும் தார்ப்பாய் அப்படியேதான் இருந்துச்சு). எனக்கு ரொம்ப புடிச்சது தடுப்பூசி வழி. தட்டம்மை ஊசி எத்தன டோஸ் போட்டோம்னு தெரியும், அப்புறம் ஒரு சர்வே எடுத்து எத்தன சதவீதம் குழந்தைங்களுக்கு போட்டாச்சுன்னு பாத்தா, ரெண்டையும் வெச்சு மொத்த குழந்தைங்க எத்தனன்னு பின்னாடிலேருந்து கண்டுபிடிச்சிரலாம். ரெண்டு மூணு வழில செஞ்சு பாத்து எல்லாம் பக்கத்துல பக்கத்துல வந்தா கொஞ்சம் மூச்சு விடலாம்.

இறப்ப சர்வே மூலமா கண்டுபிடிக்கறது இன்னும் நுணுக்கமான வேலை. பதிவு அலுவலகம் வேலை செய்யாத எடத்துல வேற வழியும் இல்ல. கிளஸ்டர் முறைன்னு சொல்வாங்க, மொத்த வீட்டு லிஸ்ட்டும் கையில இல்லாதப்ப 30 இடத்த மக்கள் தொகைக்குத் தகுந்த மாதிரி குலுக்கல்ல எடுத்து, ஒவ்வொரு இடத்துலயும் இத்தன வீடுன்னு போறது. தடுப்பூசி கவரேஜ் பாக்க 30 இடம், இடத்துக்கு 7 குழந்தைன்னு ரொம்ப காலமா நடந்துட்டு இருந்த முறைதான் இதுக்கெல்லாம் மூத்தது. பழைய முறைல ஊர் நடுவுல நின்னு பேனாவ சுத்தி விடுவாங்க, முனை எந்தப் பக்கம் காட்டுதோ அந்தப் பக்கம் நடந்து வீடு எடுக்கறது. பாக்க நியாயமா தெரியும். ஆனா நடுவுலேருந்து கெளம்பறதால ஊர் ஓரத்துல இருக்கறவங்க கம்மியா மாட்டுவாங்க, பெரும்பாலும் கஷ்டப்படறவங்க, கடைசியா வந்து சேந்தவங்க ஓரத்துலதான் இருப்பாங்க.

வீட்டுக்குள்ள போனதும் "உங்க வீட்ல யாராவது இறந்தாங்களா"ன்னு நேரா கேக்கக்கூடாது. ஒரு நாள குறிச்சுக்கணும், எல்லாருக்கும் ஞாபகம் இருக்குற நாளா, பூகம்பம் வந்த நாள், முகாம் தொறந்த நாள் மாதிரி. அந்த நாள் இந்த வீட்ல யார் யார் படுத்திருந்தாங்க, அப்புறம் யார் வந்தாங்க, யார் போனாங்க, யார் பொறந்தாங்க, யார் இறந்தாங்கன்னு ஒவ்வொருத்தரா கேட்டு எழுதணும். தேதி மங்கலா இருந்தா அதுக்கு முன்னாடி நடந்த சாவையும் ஜனங்க உள்ள இழுத்துருவாங்க, பொய் சொல்லணும்னு இல்ல, துக்கத்துக்கு காலண்டர் கிடையாது. இன்னொன்னு, அந்த நாளுக்கும் சர்வேக்கும் நடுவுலயே பொறந்து ரெண்டு மூணு நாள்ல இறந்துபோன குழந்தை. அத தனியா, மெதுவா கேக்கலன்னா வரவே வராது. கேள்வித்தாள்ல அந்த ஒரு வரிய விட்டதால எத்தனையோ குழந்தைங்க எந்தக் கணக்குலயும் இல்லாம போயிருக்கும்.

இப்படி கேட்டு 4,500 பேரோட 90 நாள் கதை கெடச்சதுன்னு வைங்க, அது 4,05,000 ஆள்-நாள் (ஆள் எண்ணிக்கைய நாளால பெருக்குனது). அதுல 40 சாவு இருந்தா, ஒரு நாளைக்கு பத்தாயிரம் பேருக்கு வீதம் 0.99. எல்லைக்கோடு 1. அப்ப அவசரநிலை இல்லன்னு எழுதிடலாமா? எழுதக்கூடாது. சாவு சமமா பரவி நடக்காது, ஒரு பக்கத்து வரிசைல கொத்தா விழும், அதனால கிளஸ்டர் சர்வேல நிச்சயமின்மை இன்னும் அகலமாகும், நெசமான எண் 0.6ஆவும் இருக்கலாம், 1.5ஆவும் இருக்கலாம். எல்லாத்துக்கும் மேல, குடும்பமே மொத்தமா போயிட்ட வீட்ல கதவ தட்டுனா பதில் சொல்ல யார் இருக்கா? தப்பிச்சவங்க கிட்டதான் கேக்க முடியும். சர்வே எப்பவும் கொஞ்சம் கம்மியாத்தான் சொல்லும்னு இதனாலதான் நான் நம்பறேன், ஆனா எவ்வளவு கம்மின்னு சொல்ல முடியாது.

ஈராக் கதை இதுல தனி. 2006ல வந்த ஒரு சர்வே 1,849 வீடு போய் பாத்து, போர் ஆரம்பிச்சதுக்கு அப்புறம் வன்முறைல மட்டும் சுமார் ஆறு லட்சம் பேர் இறந்திருக்கணும்னு சொல்லுச்சு. அதே காலகட்டத்துக்கு 9,345 வீடு பாத்த இன்னொரு சர்வே 1,51,000ன்னு சொல்லுச்சு. மெயின் ரோட்டுக்குப் பக்கத்து வீடுகளே அதிகமா மாட்டிருச்சா, வீட்டுக்காரங்க எந்த டீம் கிட்ட பயப்படாம பேசுவாங்கன்னு வருஷக்கணக்கா சண்டை. காங்கோல வேற மாதிரி தகராறு. 1998லேருந்து 2007 வரைக்கும் 54 லட்சம் பேர் கூடுதலா இறந்தாங்கன்னு கணக்கு வந்துச்சு, அதுல பெரும்பாலும் குண்டடி இல்ல, மலேரியா, வயித்துப்போக்கு, நிமோனியா, ஊட்டச்சத்து இல்லாம. கேள்வி என்னன்னா "கூடுதலா"ன்னா எதுக்கு மேல? போர் இல்லன்னா அங்க எவ்வளவு பேர் இறந்திருப்பாங்கன்னு சஹாராவுக்குத் தெற்க உள்ள நாடுகளோட சராசரிய வெச்சாங்க. காங்கோ அதுக்கு முன்னாடியே அந்த சராசரிய விட மோசமா இருந்ததுன்னு எடுத்தா மொத்த எண்ணும் சுருங்கிரும். அந்த விமர்சனம் சரின்னே எனக்கு படுது. ஆனா சுருங்குனாலும், அந்தப் போர்ல சாவுக்கு முக்கிய காரணம் துப்பாக்கி இல்ல, மூடிப்போன ஆஸ்பத்திரிங்கிற அந்தக் கண்டுபிடிப்பு அசையல.

அந்த மூடிப்போன ஆஸ்பத்திரி கரீபியன்ல இருக்குற அமெரிக்கத் தீவு போர்ட்டோ ரிக்கோலயும் வரும். 2017 செப்டம்பர்ல மரியா புயல். அதிகாரப்பூர்வ எண்ணிக்கை 64லயே நின்னுச்சு, ஏன்னா இறப்பு சான்றிதழ்ல புயல்னு எழுதியிருந்தாதான் கணக்கு. டயாலிசிஸ் மெஷின் ஓடாம, ஆக்சிஜன் மெஷினுக்கு கரண்ட் இல்லாம ரெண்டு மாசம் கழிச்சு இறந்தவர் சான்றிதழ்ல புயல் எங்க இருக்கும்? 3,299 வீட்ல எடுத்த சர்வே கூடுதல் சாவு 4,645ன்னு சொல்லுச்சு, நெசமான எண் இருக்கக்கூடிய இடைவெளி 793லேருந்து 8,498 வரைக்கும். பத்திரிகைல எல்லாம் நடு எண்ண மட்டும் பெருசா போட்டாங்க, அது எனக்கு இன்னிக்கும் வருத்தம். ஆனா அந்த சர்வேல இறப்புல மூணுல ஒரு பங்கு மருத்துவம் கெடைக்காமயோ தாமதமாயோ போனதாலன்னு குடும்பங்களே சொன்னாங்க பாருங்க, அது எந்த சான்றிதழ்லயும் இல்லாத தகவல். அப்புறம் இன்னொரு குழு இறப்புப் பதிவேட்ட எடுத்து, தீவ விட்டு கெளம்பிப் போன மக்களையும் கழிச்சு கணக்கு போட்டு 2,975ன்னு சொன்னாங்க, 2018 ஆகஸ்ட்ல அரசாங்கமும் அத ஏத்துக்கிச்சு. போனவங்கள கழிக்காம விட்டிருந்தா கூடுதல் சாவு கம்மியா தெரிஞ்சிருக்கும். என் கிராஃப்ல நடந்த அதே தப்பு.

"ஆபத்து நேரத்துல ஆராய்ச்சி எதுக்கு, மொதல்ல உதவி பண்ணுங்க"ன்னு நெறைய பேர் கேப்பாங்க, நல்ல மனசோடதான் கேப்பாங்க. நல்ல மனசோட குடுத்தது என்ன பண்ணுச்சுன்னும் பாக்கணும். 2006ல இந்தோனேசியாவோட யோக்யகர்த்தா பூகம்பத்துக்கு அப்புறம் குழந்தைங்களுக்கு பால்பவுடர் டப்பா டப்பாவா வந்துச்சு. அப்புறம் அளந்து பாத்தா, பவுடர் கெடச்ச குழந்தைங்கள்ல நாலுல ஒன்னுக்கு ஒரே வாரத்துல வயித்துப்போக்கு, கெடைக்காத குழந்தைங்கள்ல எட்டு ஒம்போதுல ஒன்னுக்குதான். மன அதிர்ச்சிக்கும் அப்படித்தான், நடந்தத உடனே ஒரே உட்கார்வுல முழுசா சொல்ல வெச்சா மனசு லேசாகும்னு உலகம் பூரா செஞ்சாங்க. தீக்காயம் பட்டவங்கள வெச்சு 1997ல வெளியான ஒரு பரிசோதனைல, அப்படி பேச வெச்சவங்கள்ல 26 சதவீதம் பேருக்கு ஒரு வருஷம் கழிச்சும் அந்த அதிர்ச்சி நோய் இருந்துச்சு, பேச வெக்காதவங்கள்ல 9 சதவீதம். சின்ன ஆய்வுதான், ஆனா அப்புறம் எல்லா ஆய்வையும் சேர்த்துப் பாத்தப்பவும் அந்த முறைல பலன் எதுவும் தெரியல.

அவசரத்துலயும் ஒழுங்கா பரிசோதனை பண்ண முடியும்ங்கறதுக்கு மேற்கு ஆப்பிரிக்காவோட கினில 2015ல நடந்த எபோலா தடுப்பூசி சோதனைய சொல்லணும். ஒருத்தருக்கு நோய் வந்தா அவரச் சுத்தி இருக்கறவங்க, அவங்களச் சுத்தி இருக்கறவங்கன்னு ஒரு வளையம். சில வளையத்துக்கு உடனே ஊசி, சில வளையத்துக்கு 21 நாள் கழிச்சு ஊசி. யாருக்கும் வெறும் தண்ணி ஊசி கிடையாது. உடனே ஊசி போட்டுக்கிட்டவங்கள்ல பத்து நாளுக்கு அப்புறம் ஒரு எபோலா கூட வரல, அதுக்கப்புறம் காத்திருக்க வெக்கறத நிறுத்திட்டு எல்லாருக்கும் உடனே போட ஆரம்பிச்சுட்டாங்க. இத விட மனுஷத்தன்மையான ஒரு ஆய்வு வடிவம் எனக்கு தெரியாது.

கடைசியா ஒன்னு. வேற ஒரு எடத்துல சர்வே போனப்ப ஒரு பெரியவர் வீட்டுக்கு போனோம். கன்சென்ட் (சம்மதம் கேக்கற படிவம்) படிச்சு, ஆரம்பிக்கலாமான்னு கேட்டோம். அவர் எங்கள உக்கார வெச்சுட்டு சொன்னாரு, "இந்த மாசத்துல நீங்க நாலாவது. என் பொண்ணு எப்படி செத்தான்னு மூணு தடவ சொல்லிட்டேன். அவங்க எழுதி வெச்சிருப்பாங்கல்ல, அத வாங்கிக்கக் கூடாதா?" நாங்க அந்த வீட்டுக்கான ஃபார்ம்ல 'மறுத்துவிட்டார்'னு போட வேண்டியிருந்துச்சு, அந்த கட்டத்துல அதுதான் இருந்துச்சு. அன்னிக்கு சாயங்காலம் சர்வேய நிறுத்தி வெச்சுட்டு மத்த மூணு டீம் கிட்டயும் டேட்டா கேட்டு மெயில் போட்டோம். ரெண்டு டீம் ஒரே வாரத்துல பேர், அடையாளம் எல்லாம் எடுத்துட்டு அனுப்பி வெச்சாங்க. எங்க கேள்வில முக்கால்வாசிக்கு பதில் அதுலயே இருந்துச்சு.