டிரோன் எவ்வளவு தூரம் போகும்? சென்னையிலிருந்து சில கணக்குகள்

டிரோன் வாங்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "எவ்வளவு தூரம் போகும்?" என்பதாகவே இருக்கிறது. பெட்டியின் மீது 10 கி.மீ. என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, நீலாங்கரையில் நின்றபடியே உத்தண்டி வரை படமெடுத்துவிடலாம் என்ற நம்பிக்கையோடு வருகிறார்கள். அந்த எண்ணில் பொய் இல்லை. ஆனால் அது, இடையில் மரமோ கட்டடமோ வேறு ரேடியோ இரைச்சலோ இல்லாத வெட்டவெளியில் அலை சென்று சேரக்கூடிய தூரம். பேட்டரி தீர்வதற்குள் திரும்பி வரக்கூடிய தூரம் வேறு, கண்ணுக்குத் தெரியும் தூரம் வேறு, சட்டம் இடம் கொடுக்கும் தூரம் வேறு. இந்த நான்கில் எது மிகக் குறைவோ அதுதான் நம்முடைய எல்லை. நான் பறக்கும் இடங்களில் அந்த எல்லையை ரேடியோ தீர்மானித்ததே இல்லை. மற்ற மூன்றில் ஒன்றுதான் எப்போதும் முந்திக்கொள்கிறது.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2021 ஆகஸ்ட் 25 அன்று அறிவிக்கப்பட்ட டிரோன் விதிகளின்படி, பச்சை மண்டலத்தில் தரையிலிருந்து 120 மீட்டர், அதாவது 400 அடி உயரம் வரை முன் அனுமதி இல்லாமல் பறக்கலாம். இயங்கிக்கொண்டிருக்கும் விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 கி.மீ. முதல் 12 கி.மீ. வரையுள்ள வளையத்தில் இந்த உச்சவரம்பு 60 மீட்டராகக் குறைந்துவிடுகிறது. அதற்கும் உள்ளே அனுமதி இல்லாமல் ஓர் அடிகூட எழுப்பக் கூடாது. மீனம்பாக்கத்தை நடுவில் வைத்து இந்த வளையங்களைச் சென்னை வரைபடத்தில் வரைந்து பாருங்கள்: கிண்டி, வேளச்சேரி, பல்லாவரம், குரோம்பேட்டை ஆகியவை உள்வட்டத்தில் அகப்பட்டுக்கொள்கின்றன, அண்ணா நகரும் மயிலாப்பூரும் வெளிவளையத்தில் விழுகின்றன. தாம்பரம் விமானப்படைத் தளம் தன் பங்குக்குத் தெற்கில் இன்னொரு வட்டத்தை எடுத்துக்கொள்கிறது. மெரினா எவ்வளவுதான் பரந்து கிடந்தாலும், கோட்டையும் துறைமுகமும் கடற்படைத் தளமும் அடுத்தடுத்து இருக்கும் அந்தப் பகுதியில் டிரோனைப் பையிலிருந்து எடுக்கும் எண்ணமே வரக் கூடாது. கிழக்குக் கடற்கரைச் சாலையை (ஈ.சி.ஆர்.) பிடித்துத் தெற்கே போய்க்கொண்டே இருந்தால் கல்பாக்கம் அணுமின் நிலையம் வந்துவிடும். ஆகவே மாநகரில் வசிக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு, விடுமுறை நாளின் விடியற்காலையில் திருப்போரூர்ப் பக்கம் ஏதாவது ஓர் ஏரிக்கரையைத் தேடிப் போவதுதான் வழி. அங்கேயும், வண்டியை எடுப்பதற்கு முன்பே டிரோன் மண்டலங்களைக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அன்றைய நிலவரத்தைப் பார்த்துவிட வேண்டும். போன மாதம் பச்சையாக இருந்த இடம் இந்த மாதமும் பச்சையாகவே இருக்கும் என்று யாரும் உறுதி தரவில்லை.

இந்த 120 மீட்டர் எதற்கு என்று புரிந்துகொண்டால் அதை மீறும் ஆசை தானாகக் குறையும். தரையைப் பார்த்து ஓட்டப்படும் சிறிய விமானங்கள் மக்கள் நெருக்கமில்லாத இடங்களில் இறங்கி வரக்கூடிய குறைந்தபட்ச உயரம் பொதுவாக 150 மீட்டர். நமக்கும் அவர்களுக்கும் இடையில் இருப்பது 30 மீட்டர் மட்டுமே. மீனம்பாக்கத்தில் தரையிறங்கும் பயணிகள் விமானம் வழக்கமான 3 டிகிரி சரிவில் வரும்போது, தரை தொடும் இடத்திலிருந்து 5 கி.மீ. தொலைவில் அதன் உயரம் சுமார் 260 மீட்டர்தான். நம் கடற்கரையோரத்தில் கடலோரக் காவல்படை ஹெலிகாப்டர்கள் தாழப் பறந்து போவதை ஈ.சி.ஆர். வாசிகள் அனைவரும் பார்த்திருப்பார்கள். 2025 ஜனவரி 9 அன்று, லாஸ் ஏஞ்சலஸ் காட்டுத்தீயை அணைத்துக்கொண்டிருந்த நீர்தெளிப்பு விமானம் ஒன்றின் இறக்கையில் ஒரு பொழுதுபோக்கு டிரோன் மோதிக் கையளவு ஓட்டை போட்டது. அந்த டிரோனின் எடை 250 கிராமுக்கும் குறைவு. ஓட்டியவர் அதை 2.5 கி.மீ. தூரம் அனுப்பிவிட்டு, அது எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் நின்றிருந்தார். ஊரே எரிந்துகொண்டிருந்த நேரத்தில் அந்த விமானம் பழுது பார்ப்பதற்காகத் தரையில் நிறுத்தப்பட்டது. "சின்ன டிரோன்தானே" என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த விமானம்தான் நினைவுக்கு வருகிறது.

அடுத்தது கண். பொழுதுபோக்குக்காகப் பறக்கும் மாதிரி விமானங்களை நம் விதிகள் வரையறுக்கும்போதே, கண்பார்வைக்குள் இயக்கப்படுபவை என்றுதான் வரையறுக்கின்றன. நல்ல பார்வையுள்ள ஒருவரின் கண் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் ஏறத்தாழ 1 பாகைத்துளி, அதாவது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. 30 செ.மீ. அகலமுள்ள டிரோன் 1 கி.மீ. தொலைவில் அந்த அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. அது ஏட்டுக் கணக்கு. அதன் மூக்கு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது அதற்கு வெகு முன்பே, 300 மீட்டரைத் தாண்டும்போதே, தெரியாமல் போய்விடும். தூரத்தில் உண்மையான நாட்டம் உள்ளவர்களுக்கு நான் எப்போதும் பரிந்துரைப்பது, ஒன்றரை மீட்டர் இறக்கை கொண்ட ஃபோம் விமானத்தைத்தான். அதே 1 கி.மீ.யில் அது ஐந்து மடங்கு பெரிதாகத் தெரியும். நான்கு மோட்டார்களால் தன்னைத் தூக்கிக்கொண்டே இருக்க வேண்டிய தேவை இல்லாததால் பேட்டரியும் நெடுநேரம் நிற்கும்.

சிக்னல் குறைந்தால் உயரத்தை ஏற்று என்பது எல்லோரும் சொல்லும் அறிவுரை. இதில் எனக்கு உடன்பாடு இல்லை. கணக்கைப் பார்த்தால் காரணம் புரியும். ஈ.சி.ஆர். ஓரம் சவுக்குத் தோப்புகளுக்குக் குறைவில்லை. உங்களிடமிருந்து 50 மீட்டர் தள்ளி 15 மீட்டர் உயரச் சவுக்குத் தோப்பு இருக்கிறது என்றும், ரிமோட்டைத் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் பிடித்திருக்கிறீர்கள் என்றும் வைத்துக்கொள்வோம். டிரோன் 1 கி.மீ. தொலைவில் 60 மீட்டர் உயரத்தில் இருந்தால், ரிமோட்டிலிருந்து டிரோனுக்குப் போகும் நேர்கோடு அந்தத் தோப்பைக் கடக்கும் இடத்தில் அதன் உயரம் நாலரை மீட்டர் மட்டுமே. டிரோனை 120 மீட்டருக்கு ஏற்றினாலும் அது ஏழரை மீட்டரைத் தாண்டாது. மர உச்சிக்கு மேலாக அந்தக் கோடு போக வேண்டுமானால் டிரோன் 270 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். அங்கே நமக்கு வேலையே இல்லை. அதற்குப் பதிலாக நீங்கள் 200 மீட்டர் பின்னால் நடந்து போனால், 120 மீட்டருக்குள்ளேயே வேலை முடிந்துவிடும். மேலும், ரேடியோ அலை நூல் பிடித்தாற்போல் ஒரே கோட்டில் போவதில்லை. நடுவழியில் அதற்குச் சற்று அகலமான இடம் வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1 கி.மீ. தூரத்துக்கு, நடுப்புள்ளியில் கோட்டைச் சுற்றிச் சுமார் ஐந்தரை மீட்டர் காலியாக இருந்தால்தான் சிக்னல் முழுமையாக வந்து சேரும். மரத்தின் தலையை உரசிக்கொண்டு போகிற கோடு கண்ணுக்குத் திறந்திருப்பதாகத் தெரிந்தாலும் அலைக்குத் திறந்திருப்பதில்லை.

ஆன்டெனாவையும் சிலர் தவறாகப் பிடிக்கிறார்கள். சாதாரணக் குச்சி ஆன்டெனாவின் நுனியிலிருந்து அலை கிளம்புவதே இல்லை, பக்கவாட்டில்தான் பரவுகிறது. நுனியை டிரோனை நோக்கி நீட்டினால், எங்கே அலை இல்லையோ அந்தத் திசையை டிரோனுக்குக் காட்டுகிறோம் என்று பொருள்.

இனி காற்று. சென்னையில் தூரத்தை உண்மையாகத் தீர்மானிப்பது காற்றுதான் என்பது என் கருத்து. அதைப் பற்றிப் பேசுபவர்கள் மிகவும் குறைவு. நொடிக்கு 12 மீட்டர் வேகத்தில் செல்லும் டிரோனை, நொடிக்கு 7 மீட்டர் வீசும் காற்றோடு சேர்த்து அனுப்புங்கள். தரையைப் பொறுத்து அதன் வேகம் 19 மீட்டர், ஒன்றரை கி.மீ.யை 80 நொடிக்குள் கடந்துவிடும். திரும்பி வரும்போது அதே டிரோனின் வேகம் 5 மீட்டர்தான். அதே தூரத்துக்கு முழுமையாக 5 நிமிடம் ஆகும். போகும்போது திரையில் பேட்டரி 90 விழுக்காடு என்று காட்டும். அந்த எண் திரும்பி வரும் பயணத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. போதாததற்கு, தரையில் சட்டை நுனிகூட அசையாத நேரத்தில் 100 மீட்டர் உயரத்தில் காற்று பலமாக இருக்கும்.

நம் கரையோரத்தில் இதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. விடியற்காலையில் தரைக்காற்று கடலை நோக்கிப் போகிறது. வெயில் ஏறிய பிறகு, பெரும்பாலும் நண்பகலை ஒட்டி, கடற்காற்று உள்ளே வருகிறது. ஜூன், ஜூலை மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்றின் மேல்காற்று பலமாக இருப்பதால் கடற்காற்று உள்ளே வரவே திணறும். பிற்பகல் வரைகூட மேற்கிலிருந்தே அடிக்கும். ஆகவே காலை நேரத்தில் கடற்கரையில் நின்றுகொண்டு, அமைதியாகக் கிடக்கும் கடலின் மேல் டிரோனை அனுப்புவது மிகவும் ஆபத்தானது. போகும்போது காற்று தள்ளிக்கொண்டு போகும், வரும்போது தடுக்கும், இறங்குவதற்குக் கீழே தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை. காற்றை எதிர்த்துப் புறப்பட்டு, காற்றோடு திரும்புவது என்ற ஒரே பழக்கத்தை வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கலில் பாதி தீர்ந்துவிடும். இதைச் சொல்லும்போது, கட்டுமரத்தில் போனவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கரைக்காற்றையும் கடற்காற்றையும் பார்த்தே புறப்பாட்டையும் திரும்புதலையும் வகுத்துக்கொண்டதையும் நினைத்துக்கொள்கிறேன். கோவளத்தில் வலை உலர்த்திக்கொண்டிருக்கும் பெரியவரிடம் அன்றைய காற்றைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். செயலி சொல்லாத செய்தி கிடைக்கும்.

பேட்டரியைப் பொறுத்தவரை வோல்ட்டேஜை மட்டும் நம்பக் கூடாது. மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் திராட்டிலைக் கூட்டினால் அது சரியும், குறைத்தால் மீண்டும் ஏறும். தூரப் பயணத்துக்கு நாங்கள் பயன்படுத்தும் லித்தியம் அயான் செல்களில் இந்தச் சரிவு லித்தியம் பாலிமர் (லைப்போ) பேட்டரியைவிட அதிகம். எத்தனை மில்லிஆம்பியர் மணி செலவாகியிருக்கிறது என்று திரையின் மூலையில் ஓடும் எண்ணே நேர்மையானது. 4200 கொள்ளளவுள்ள பேக்கில் அந்த எண் 1500ஐத் தொட்டதும், திரும்பும் பயணத்துக்குக் காற்று சாதகமாக இருந்தாலும், நான் திருப்பிவிடுகிறேன். மே மாத வெயிலில் பூட்டிய காருக்குள் பேட்டரியை விட்டுவிட்டுப் போவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

திரையில் தெரியும் உயரத்தைப் பற்றி ஒரு செய்தி. டிரோனுக்குள் இருக்கும் பாரோமீட்டர், கிளம்பிய இடத்தைச் சுழியம் என்று வைத்துக்கொண்டுதான் அளக்கிறது. 100 மீட்டர் உயரக் குன்றின் மேலிருந்து கிளப்பிச் சமவெளியின் மேல் கொண்டுபோனால், திரை 50 என்று காட்டும்போது தரையிலிருந்து உயரம் 150 ஆகிவிட்டிருக்கும். விதி பேசுவது கீழே இருக்கும் தரையைப் பற்றி. அதேபோல, சிக்னல் அறுந்தால் தானாகத் திரும்பி வரும் உயரத்தையும் இடத்துக்கு இடம் மாற்றி அமைக்க வேண்டும். ஏரிக்கரையில் 40 மீட்டர் போதும், ஓ.எம்.ஆர். பக்கம் 30 மாடிகளுக்கு மேல் எழுந்து நிற்கும் குடியிருப்புகளும் உயர் அழுத்த மின்கோபுரங்களும் இருக்கும் இடத்தில் அதே 40 மீட்டர் நேராகச் சுவரில் கொண்டுபோய் மோதிவிடும். அங்கே பாதுகாப்பான திரும்பும் உயரமே 120 மீட்டரை நெருங்கும் என்றால், அந்த இடத்தில் பறக்க வேண்டாம் என்று முடிவெடுத்துக்கொள்ளலாம்.

ரிமோட்டையும் டிரோனையும் இணைக்கும் ரேடியோ கருவியை, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் வாங்குகிறவர்களுக்கு ஒரு சொல். 2022 பிப்ரவரியில் முழு டிரோன்களின் இறக்குமதி தடை செய்யப்பட்ட பிறகு, உதிரிபாகங்களை வாங்கித் தாங்களே பூட்டிக்கொள்பவர்கள் பெருகியிருக்கிறார்கள், மகிழ்ச்சியான செய்தி. ஆனால் 915 மெகாஹெர்ட்ஸ் என்று எழுதிய கருவி அமெரிக்கச் சந்தைக்கானது. நம் நாட்டில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தக்கூடிய பட்டை 865 முதல் 868 வரை. 915 கருவி பயன்படுத்தும் அலைவரிசை வரம்பின் ஒரு பகுதி, செல்போன் கோபுரங்கள் நம் போன்களைக் கேட்கும் பட்டைக்குள் விழுகிறது. எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் என்ற ரேடியோ கட்டுப்பாட்டு அமைப்பைப் பயன்படுத்துபவர்கள் மென்பொருளை ஏற்றும்போது இந்தியாவுக்கான 866 அமைப்பைத் தேர்ந்தெடுக்கலாம்; 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவியையே வாங்கிவிட்டால் இந்தக் கவலையே இல்லை.

காகில்ஸ் அணிந்து, டிரோனின் கேமரா காட்டுவதை மட்டும் பார்த்து (எஃப்பிவி) பறப்பவர்கள் தனியாகப் போகக் கூடாது. திரைக்குள் தெரிவது டிரோனுக்கு முன்னால் இருப்பது மட்டும். மேலேயும் பின்னாலேயும் வருவது தெரியாது. சென்னையில் பருந்துகளுக்குக் குறைவில்லை, கூடு கட்டும் காலத்தில் அவை டிரோனை விரட்டவும் செய்யும். மேலிருந்து பாய்வது அவற்றின் வழக்கம் என்பதால், நேராக மேலே ஏறுவதே நல்ல தப்பிப்பு. நான் 120 வரை அனுமதி இருந்தும் 80 மீட்டரிலேயே பறப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஏறுவதற்கு 40 மீட்டர் கையிருப்பில் இருக்கிறது. என்னோடு வரும் தம்பி ஒருவன் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு வானத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பான். "அண்ணா, பின்னாடி பருந்து ஒண்ணு, உங்களுக்கு மேல வருது" என்பான். "ஏத்துறேன்டா, எங்க இருக்குன்னு சொல்லிக்கிட்டே இரு" என்பேன். "இப்ப கீழ போயிடுச்சு, வடக்குப் பக்கம் திரும்புது" என்று அது விலகிப் போகும் வரை சொல்லிக்கொண்டே இருப்பான். ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் எங்களுக்குள் பேச்சே கிடையாது. அவன் என் தோளைத் தட்டுவான், நான் உடனே 20 மீட்டருக்குக் கீழே இறக்கிவிடுவேன். அப்படி ஒருவர் உங்களுக்குக் கிடைக்கும் வரை காகில்ஸைப் பையிலேயே வைத்துவிட்டு, கண்ணால் பார்த்துக்கொண்டே பறந்து பழகுங்கள்.