மட்டிக்குலையும் சோப்பு டப்பாவும்

ஞாயிற்றுக்கிழமை வடசேரிச் சந்தையில் மட்டி வாழைக்குலை வாங்கியது என் தவறு. வீட்டில் அதற்காகக் காத்திருந்தது அம்மை மட்டுமல்ல, அக்கா மகன் செய்த மூக்கும்தான்.

மூக்கு என்றால் ஒரு சோப்பு டப்பா. உள்ளே நான்கு வாயு சென்சார், ஒரு குட்டி விசிறி, தலைமயிர் போல ஒயர்கள். கல்லூரியில் கடைசி வருட புராஜெக்ட். சென்சாரில் இருக்கும் டின் ஆக்சைடு சூடேறினால்தான் வேலை செய்யுமாம். அரை மணி நேரம் காத்திருந்தோம். "மூக்குக்கு அடுப்பு மூட்டுவதை இப்போதுதான் பார்க்கிறேன்," என்றாள் அம்மை.

"ஒரு சென்சார் தனியாக எதையும் சொல்லாது பாட்டி. நான்கும் சேர்ந்து போடுகிற கோலத்தைத்தான் கணினி படிக்கும். 1982-இல் இங்கிலாந்தில், வார்விக் பல்கலைக்கழகத்தில் இரண்டு பேர் தொடங்கி வைத்தது."

"இரண்டு பேருக்கும் சளி பிடித்திருக்கும்."

"மனித மூக்கில் வாசனையைப் பிடிக்கிற வாங்கிகள் ஏறக்குறைய 400 வகை உண்டு."

"உன்னுடையதில் 396 குறைகிறது மக்களே."

2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய பழத்துக்கு இந்த அவமானம் தேவையா என்று நானும் என் பங்குக்குக் கேட்டு வைத்தேன். அதற்குள் சோப்பு டப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டது: அளவுக்கு மீறிப் பழுத்துவிட்டது. குலையோ கிளிப்பச்சை.

பையன் முகம் வாடிப்போனது. விசாரித்ததில் குற்றவாளி பக்கத்துத் திண்டில் இருந்த ஆப்ப மாவு. பழம் அழுகத் தொடங்கினால் வருகிற ஆல்கஹால்தான் ஈஸ்ட் போட்ட மாவிலும் வருகிறது, மூக்கு ஏமாந்துவிட்டது. நியாயம்தான், அந்த மாவு பொங்கி வழிந்து தெருமுனை வரை மணத்துக்கொண்டிருந்தது.

"எந்த மாவு?" என்றாள் அம்மை.

அப்போது எனக்கு உறைக்கவில்லை. தோவாளைச் சந்தையில் நேற்றைய பிச்சிப்பூவைத் தண்ணீர் தெளித்து இன்றையது என்று அவளிடம் விற்றுவிட முடியாது; பக்கத்து வீட்டில் பால் அடிப்பிடித்தால் இங்கிருந்து குரல் கொடுப்பவள். அன்றும் வழக்கம்போலக் குலையைத் தூக்கி, கண்ணை மூடி, நெஞ்சு நிறைய இழுத்து, "நாளை மறுநாள்" என்றாள். கட்டைவிரல் மட்டும் காயின் விளிம்பைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது.

ராத்திரி தண்ணீர் குடிக்கப் போனால் அடுக்களையில் வெளிச்சம். அம்மை குனிந்து உட்கார்ந்து, சோப்பு டப்பாவை சிலிண்டர் ரெகுலேட்டரின் அருகில் பிடித்திருக்கிறாள்.

"இதில் ஒரு சென்சார் கேஸுக்கும் குதிக்கும் என்று பையன் சொன்னான்."

கேஸுக்குச் சொந்த வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் எத்தில் மெர்காப்டனைச் சேர்த்து நாற வைக்கிறார்கள்.

"எத்தனை நாளாக?"

"கார்த்திகையில் காய்ச்சல் வந்ததே, அதிலிருந்து." டப்பாவை அணைக்கத் தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அவனிடம் சொல்லாதே. பரீட்சை முடிந்ததும் இதை இங்கேயே விட்டுவிட்டுப் போகச் சொல்."

கொஞ்ச நேரம் கழித்து, குலையைக் காட்டி, "நீ முகர்ந்து சொல்," என்றாள்.

மூக்கை வைத்தேன். ஆப்ப மாவு வாசனைதான் வந்தது.

"நாளை மறுநாள்," என்றேன்.