ராத்திரிச் சோறு

ஆக்கிய சோற்றை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள் என்று வயதானவர்களுக்கு எடுக்கும் சுகாதார வகுப்பில் தவறாமல் சொல்வேன். அரிசியில் ஒரு கிருமியின் வித்துகள் இருக்கின்றன, கொதியிலும் அவை சாவதில்லை. சோறு மெல்ல ஆறும்போது முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். மறுபடி சுடவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. "நம்ம கோத்தகிரி குளிருக்கு என்ன ஆயிடப் போவுது?" என்பார்கள். குளிர் வாசலோடு சரி, விறகடுப்பு எரிகிற சமையற்கட்டுக்குள் அது வருவதில்லை.

ஒரு நாள் வகுப்பில் ஒரு பாட்டி கேட்டார்: "அப்ப ராத்திரிக்கு எடுத்து வெச்சத என்ன செய்ய, கண்ணு?"

"கொட்டிருங்க பாட்டி. வாந்தி பேதியில ஆஸ்பத்திரியில கெடக்குறதுக்கு அது மேல்."

தலையாட்டினார்.

அடுத்த மாதம் சர்க்கரை மாத்திரை கொடுக்க தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டுக்குப் போனபோது அவரே ஆரம்பித்தார். "நீ சொன்ன மாதிரிதான் இருக்கேன். இப்பல்லாம் மீறுற மாதிரி ஆக்குறதே இல்ல." மதியத்துக்கு மட்டும் ஒரு கைப்பிடி அரிசி. இரவில் இரண்டு வர்க்கி பிஸ்கட், சீனி போட்ட தேத்தண்ணி. வர்க்கி என்பது மைதாவும் கொழுப்பும்தானே. அதுவும் இல்லாத நாளில் வெறும் வயிற்றோடு படுத்துவிடுகிறார். அவர் போடுகிற மாத்திரைக்குச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயக்கம் வரும்.

நான் சொன்னது சரிதான். அந்த வயதில் ஒரு நாள் வயிற்றுப்போக்கே உடம்பில் இருக்கிற நீரையெல்லாம் உறிஞ்சி ஆளைச் சாய்த்துவிடும், பார்த்திருக்கிறேன். ஆனால் இவர் 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு சிலோனிலிருந்து வந்து, கொழுந்து பறித்தே பிள்ளைகளை ஆளாக்கியவர். சோற்றைக் கொட்டு என்றால் இவர் கொட்டுவாரா, உலையில் போடுவதைக் குறைப்பாரா? இது எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டுமா? ஒரு வகுப்பில் எத்தனை பேரின் அடுப்படியைத்தான் நினைத்துப் பேச முடியும்?

சாயங்காலம் கொஞ்சம் ராகிக் கூழாவது காய்ச்சுங்கள் என்றேன். "ஒத்த ஆளுக்கு ரெண்டு தரம் அடுப்பு மூட்டவா?" என்றார். அவர் வீட்டில் காஸ் இருக்கிறது, ஆனால் சிலிண்டரைத் தீபாவளி வரைக்கும் இழுக்க வேண்டும். ஆறியதும் பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜில் வைக்கலாமே என்றதற்கு, "என் சோத்துச் சட்டிய அவங்க வீட்ல கொண்டு வெக்கவா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்க எனக்குத் துணிவில்லை.

என் மேலதிகாரியிடம் சொன்னேன். "நீங்க சொன்னதுல தப்பில்லையே" என்றார். தப்பில்லைதான். வகுப்பில் இப்போதும் அதையே சொல்கிறேன், அளவாக ஆக்குங்கள், ஆனால் இரவுச் சாப்பாட்டை விடாதீர்கள் என்பதையும் சேர்த்து. பாட்டி அதற்கும் தலையாட்டுகிறார்.

இந்த மாதம் போனபோது ராத்திரி சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். "சாப்பிட்டேன் கண்ணு" என்றார். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்கவில்லை. வர்க்கி என்று சொல்லியிருந்தால், அதையும் கூடாது என்று சொல்லிவிட்டு வர வேண்டியிருந்திருக்கும்.